காலண்டர் ஆணிக்கு முன்னால்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மகள் பிறந்தாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள்.
2. முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிந்தது. அதற்குப் பிறகும் கணவரைப் பெற்ற மாமி என்னைப் ‘பச்சை உடம்பு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.
3. கிளினிக் டொக்டர் தையலைப் பார்த்துவிட்டு, இனி மெதுவாக யோகாசனம் செய்யத் தொடங்கலாம் என்றார்.
4. அலமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருந்த பாயை இறக்கி விரித்தேன். ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்து விழுந்தேன். பாய் மறுபடியும் மேலே போனது.
5. பிள்ளைக்காம்பரா அக்கா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.
6. பாய் கீழே வந்தது.
7. அக்கா வெளிநாடு போனார்.

எதையும் இப்படி வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஆனால் ஐந்தாவது வரி மட்டும் ஒரு வரியில் அடங்காமல் நிற்கிறது. அதனால் அதை விரித்து எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். நோர்வூட்டில் எங்கள் வீட்டுக்கு மேலே, பாதை வளைகிற இடத்தில் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டவர்தான் அந்த அக்கா. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அக்கா நடுவில் உட்கார்ந்து ஒரு தொட்டிலின் கயிற்றைக் கையில் பிடித்திருப்பார். இன்னொன்றின் கயிறு கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கும். மடியிலும் ஒரு பிள்ளை கிடக்கும். கை ஒரு தாளத்தில் போகும், கால் வேறொரு தாளத்தில் போகும், வாய் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த ஆட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் விஷயம். அக்காவுக்கு ஆடாமல் நிற்கத் தெரியாது. கடையில் கோதுமை மா பையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடுவார். குடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆடுவார். கையில் ஒன்றுமே இல்லாதபோதும், வலது காலிலிருந்து இடது காலுக்கும் இடது காலிலிருந்து வலது காலுக்குமாக உடம்பு மெல்லப் போய் வரும். ஒருநாள் ஹட்டன் பஸ்ஸில் ஏறி, அது புறப்படாமல் நின்றபோதே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

“அக்கா, பஸ்ஸு இன்னும் கெளம்பல. இப்பவே ஆடுறீங்க?” என்றார் கொண்டக்டர்.

“நீ கெளப்புற நேரத்துக்கு நான் ஆடியே ஹட்டன் போயிருவேன்” என்றார் அக்கா.

பிள்ளைக்காம்பராவில் எடுத்த ஒரு படம் என் ஃபோனில் இருக்கிறது. மூடுபனி இறங்கிய பிற்பகல், உள்ளே வெளிச்சம் குறைவு. பிள்ளைகள் எல்லோரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். நடுவில் அக்கா மட்டும் கலங்கிய தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி இருக்கிறார்.

இந்த ஆட்டத்தால் அவருக்கு ஒரு பெரிய வம்பும் வந்தது. நான் வயிற்றில் மகளோடு இருந்த வருடம், மாரியம்மன் கோயில் திருவிழா. தீபாராதனை நேரம், மேளம் உச்சத்தில் இருந்தது. அக்கா கும்பிட்ட கையோடு வழக்கம் போல ஆடிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற யாரோ ஒரு பெண், “ஆத்தா வந்துட்டா!” என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். குலவை எழுந்தது. ஒருவர் கையில் வேப்பிலையைத் திணித்தார். பூசாரி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். வயதான ஓர் அம்மா காலில் விழுந்து, “தாயே, எம் மகனுக்கு கத்தார் விசா எப்ப வரும்?” என்று கேட்டார்.

“ஏஜென்சியில போயி கேளுங்கம்மா! எனக்கு எப்புடி தெரியும்? ஐயோ, குளிருதே!” என்றார் அக்கா.

“ஆத்தா கோவமா இருக்கா” என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொன்னார். உடனே இன்னொரு செம்பு தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு சிலர் அவரைச் சாமியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். “சாமியுமில்ல, பூதமுமில்ல. புள்ளைய ஆட்டி ஆட்டி பழகுன ஒடம்பு. தானா ஆடுது. அதுக்குப் போயி தண்ணிய ஊத்துறாங்க” என்பார். ஆனால் அன்றைக்கு முன்வரிசையில் நின்ற என் மாமி இந்த மறுப்பை ஒருநாளும் நம்பவில்லை. “சாமி வந்தவங்களுக்கு சாமி வந்தது தெரியாது” என்பது மாமியின் வாதம். அதை உடைக்க யாராலும் முடியாது.

இனி என் பக்கம். நான் ஹட்டனில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கை ஆடக் கூடாத வேலை. கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரத்தத்தை ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். கை நடுங்கினால் அந்தத் தட்டு வீண். படிக்கிற காலத்தில் விடுதியில் கற்றுக்கொண்ட யோகாசனத்தை ஒருநாளும் விட்டதில்லை. அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது விருட்சாசனம். ஒரு பாதத்தை மறு தொடையில் ஊன்றி, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, ஒற்றைக் காலில் நிற்பது. அசையாத ஒன்றின் மேல் கண்ணை வைத்தால் உடம்பும் அசையாது. எங்கள் முன் அறைச் சுவரில், பழைய காலண்டர் தொங்கிய ஆணி ஒன்று உண்டு. அதுதான் என் கண்ணுக்கு இடம்.

பிள்ளை பெற்ற பிறகு முதன்முதலாகப் பாயில் ஏறிய அன்று, அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டேதான் விழுந்தேன். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வயிறு என்னுடையதாக இல்லை. தையலுக்குக் கீழே தொட்டால் மரத்துப் போயிருந்தது. குப்புறப் படுக்க முடியவில்லை, மார்பு கல்லாகக் கனத்தது. பூனையைப் போல முதுகை வளைத்தால் பால் ஊறிச் சட்டை நனைந்தது. அறைக்குள் மகள் அழுதாள். அவளைக் கீழே கிடத்த முடியாது, கிடத்திய நிமிடமே வீடு இரண்டாகும்.

லீவு முடிவதற்குள் பாய்க்குத் திரும்பாவிட்டால் பிறகு திரும்பவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பஸ், வேலை, சமையல், பிள்ளை என்று ஒரு நாளை எழுதிப் பார்த்தால் அதில் எனக்கென்று ஓர் இடைவெளி தானாக வரப் போவதில்லை. இப்போதே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கணவருக்கு நுவரெலியாவில் வேலை, வீடு வர இருட்டிவிடும். மாமிக்கு முழங்கால் வலி. அதைவிடப் பெரிய தடை, மாமிக்கு இதில் சம்மதமே இல்லை.

“பச்ச ஒடம்ப முறுக்கினா நரம்பு இழுத்துக்கும். பாலு வத்திரும்.”

“டொக்டரே செய்யலாம்னு சொல்லிட்டாரு மாமி.”

“டொக்டரா பெத்தாரு?”



ஒரு மாலை நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். அவள் நீலமாகும் அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்து, தாய்மார் எல்லோரும் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போன பிறகு, அக்கா வெறுங்கையோடு பாதையில் இறங்கி வந்தார். வெறுங்கையாக இருந்தாலும் நடையில் அந்த ஆட்டம் இருந்தது.

“குடு அத. சும்மா இருந்தா கையி அரிக்கிது” என்றார்.

கொடுத்தேன். பத்து மூச்சுக்குள் மகள் அடங்கினாள். மாமி யாரது என்று பார்க்க வெளியே வந்தார். தீட்டுக் கழியாத மாதிரி வீட்டைக் காத்த மாமி, வேறு யாராக இருந்தாலும் ‘வெளியில போயிட்டு வந்த கை’ என்று பிள்ளையை வாங்கியிருப்பார். அக்காவைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “உள்ள வாங்க, தேத்தண்ணி குடிங்க” என்றார். அக்கா காலைக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாவது நாள் நான் அலமாரிக்கு மேலிருந்து பாயை இறக்கினேன். மாமி பார்த்தார். அக்காவின் கையில் பேத்தி தூங்குவதையும் பார்த்தார். அடுப்படிக்குப் போனார்.

இந்த முறை பழைய ஆசன வரிசையைக் கிழித்துப் போட்டேன். மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து மூச்சு விட்டேன், அவ்வளவுதான். அதுவே சில நாட்கள். பிறகு முழங்காலில் நின்று முதுகை வளைத்தேன். அக்கா மூலையில் ஆடிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். பேசாமல் இருப்பது அவருக்கு ஆகாது.

“தங்கச்சி, இப்ப என்னா செய்யிற?”

“மூச்சு விடுறேங்கா.”

“அதத்தானே நாங்களும் செய்யிறோம். அதுக்கு எதுக்கு பாயி?”

நிற்கிற நாள் வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஜன்னல் பக்கம் பிள்ளைக்குக் காற்றுப்படும் என்று மாமி சொல்லியிருந்ததால், அக்கா நின்றது காற்றுப்படாத ஒரே மூலையில். காலண்டர் ஆணி சரியாக அவர் தலைக்குப் பின்னால்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? நான் அந்த ஆணிய பாக்கணும்.”

“ஆணியவா?” அக்கா திரும்பிப் பார்த்தார். “சொந்தப் புள்ள இங்க இருக்கு, இவ ஆணிய பாக்கணுமாம்! கேட்டியாடி குட்டி?”

தள்ளி நின்றார். அடுப்படியிலிருந்து மாமி, “அங்க காத்து அடிக்கிது!” என்றார். மறுபடியும் மூலைக்கு வந்தார். ஆணி மறைந்தது. எனக்குப் பார்க்க மிஞ்சியது அக்காவின் தோளில் சாய்ந்திருந்த மகளின் முகம். அது வலப்பக்கம் போகும், இடப்பக்கம் வரும். அதைப் பார்த்தபடி ஒரு காலைத் தூக்கினேன். உடனே ஊன்ற வேண்டியதாயிற்று. மறுநாளும் அப்படித்தான். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஒன்னைய கீழ போடுறது நான்தானா?”

“ஆமாக்கா, நீங்கதான்.”

“அப்ப நான் ஆடாம நிக்கட்டா?” நின்று பார்த்தார். இரண்டு மூச்சு. மகள் சிணுங்கினாள். ஆட்டம் திரும்ப வந்தது.

உண்மையில் ஆடாமல் நிற்க வேண்டிய தேவை அவருக்கும் இருந்தது. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான உயர்தரம் படிக்கிறாள். அவளை மேலே படிக்க வைப்பதற்காக அக்கா வெளிநாட்டு வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், “தலைய ஆட்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது” என்று ஸ்டூடியோக்காரர் ஏசினாராம். “ஒரு தடவ எனக்கும் அந்த மரம் மாதிரி நிக்கிறத காட்டிக் குடு” என்று கேட்டார். மகளைத் தலையணை அணைத்துக் கிடத்திவிட்டு, அக்காவைப் பாயில் ஏற்றினேன். இரண்டு காலையும் ஊன்றி, கையைக் கூப்பி, ஆணியையே முறைத்தார். கழுத்துக்கு மேலே ஆடவில்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் ஆடியது. கிடந்த இடத்திலிருந்து மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

“சிரிக்கிறியாடி? ஒன் சிரிப்புக்காகவாவது நான் ஆடிக்கிட்டே கெடக்கலாம் போல.”

படம் பிறகு எப்படியோ கிடைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தார்களாம்.

பிறகு மகளுக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதாள். மாமி என்னைப் பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு இருந்தது. “ஒடம்ப முறுக்கி சூடாக்கிட்டு குடுத்த பாலு. புள்ளைக்கு ஒத்துக்குமா?” பாயைச் சுருட்டி, ஸ்டூலைப் போட்டு, வலிக்கிற காலோடு ஏறி அலமாரிக்கு மேல் வைத்தார். நான் வாதாடவில்லை. பிள்ளைக்கு முடியாதபோது ஒரு தாய் தனக்காக எதைக் கேட்டாலும் அது அசிங்கமாகத் தெரிகிறது. லீவில் மிச்சமிருந்தது கொஞ்ச நாள்தான். இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அன்று மாலை அக்கா வந்தார். மகளை வாங்கினார். வெறுந்தரையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மாமி விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் ஆட்டம் கொஞ்சம் பெரிதானது. கண்ணை மூடினார். தொண்டையின் அடியிலிருந்து, நான் கேட்டறியாத ஒரு குரல் வந்தது.

“பாய எறக்கு.”

மாமியின் கையிலிருந்து திரி விழுந்தது.

“அவ கைய நீட்டட்டும், கால நீட்டட்டும். பெத்தவ நிமிந்தாத்தான் புள்ள நிமிரும். பாலுக்கு ஒண்ணும் ஆவாது. புள்ளைய காலையில டொக்டர்கிட்ட கொண்டு போயி காட்டு.”

“சரி தாயே” என்று மாமி இரண்டு கையையும் கூப்பினார். எழுந்து ஸ்டூலைத் தேடினார். நான் ஓடிப்போய் அவரைத் தடுத்து, நானே ஏறிப் பாயை இறக்கினேன். இறங்கும்போது பார்த்தேன். அக்காவின் ஒரு கண் திறந்திருந்தது.

வாசல் வரை அவரோடு போனேன். அவர்தான் பேசினார்.

“பொய்யி சொல்லிட்டேன், தங்கச்சி. ஆத்தா பேர்ல பொய்யி சொல்லிட்டேன். கோவிச்சுக்குவாளா?”

“மாட்டாக்கா.”

“கோவிச்சா நேர்ல வந்து கேக்கட்டும். அவ புள்ளைங்களத்தானே இத்தன காலமா ஆட்டிக்கிட்டு இருக்கேன்.” கொஞ்சதூரம் போனவர் திரும்பி வந்து, “டொக்டர்கிட்ட காட்டுன்னு ஆத்தா சொல்லுவாளா? அத சேத்திருக்கக் கூடாது, இல்ல?” என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலில் கற்பூரம் வைத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். சாமியக்கா என்று யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுகிறவர், எனக்காக ஒரே ஒரு மாலை அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டொக்டர் சாதாரணச் சளிதான் என்றார், சில நாட்களில் சரியானது. மாமி அதை அம்மன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நேரம் வந்ததும் மாமியே, “பாய போடு, அவங்க வர்ற நேரமாச்சி” என்பார். எந்த நாளில் என்று குறித்து வைக்கவில்லை, ஒரு மாலை நான் ஒற்றைக் காலில் நின்றேன். எனக்கு முன்னால் மகளின் முகம் போய் வந்துகொண்டிருந்தது. என் கணுக்கால் அதோடு சேர்ந்து சின்னச் சின்னதாகப் போய் வந்தது. விழவில்லை.

“நிக்கிறாடி ஒங்கம்மா!” என்று அக்கா மகளிடம் சொன்னார். “மாமி, ஓடியாங்க, நிக்கிறா!” மாமி கரண்டியோடு வந்து பார்த்தார்.

அக்கா புறப்படுவதற்கு முதல் நாள் வந்தார். கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். மகளை வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, அந்த மூலையில், ஆணிக்கு முன்னால் நின்றார். அன்றைக்கு அவர் ஆடவில்லை. சுவரைப் போல நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மகள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க்கா, ஆட்ட மாட்டீங்களா?”

“பழகிக்கிறேன். நான் போற வீட்ல புள்ள இல்லயாம். ஒரு கெழவி, படுத்த படுக்கையா. அத ஆட்டுனா தல சுத்தும்ல?”

சிரித்தார். மகளின் உதடு பிதுங்கியது. முதல் விம்மல் வருவதற்குள் அக்காவின் இடுப்பு தானாக வலப்பக்கம் போய்விட்டது. “ஐயோ, இது ஆவுற காரியமில்ல” என்று ஆட்டிக்கொண்டே அழுதார்.

போன பிறகு சில குரல் செய்திகள் வந்தன. ஒன்றில் இப்படிச் சொல்கிறார்: “கெழவி தூங்கவே மாட்டேங்கிது தங்கச்சி. நல்ல காலம், கட்டிலுக்கு சில்லு இருக்கு, உருளுது. லேசா தள்ளித் தள்ளி இழுக்குறேன். தூங்கிருது.”

இப்போதைய நிலை இது. அக்கா திரும்பி வர இன்னும் காலம் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் வேறொருவர் இருக்கிறார். நான் வேலைக்குப் போகிறேன், கை நடுங்குவதில்லை. மாலையில் வந்ததும் பாயை விரிக்கிறேன். மூலை காலியாகத்தான் இருக்கிறது. ஆணி நன்றாகத் தெரிகிறது. ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு நிற்க வருவதில்லை. மகள் இப்போது நடக்கிறாள், ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் ஆடுகிறேன். விழுவதில்லை.